பாதித் தெருவில் பெய்த மழை

“மோட்டார நிறுத்துங்க முதல்ல, வெறும் காத்துதான் வருதுன்னு—”

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும் செல்வி, அடியில கெடக்கறது மேல வர்றதுக்குள்ள—”

“அடியில என்ன கெடக்குது? நேத்து சேறு வந்துச்சு. இன்னிக்கு அதுவும் இல்ல!”

“கத்தாத. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும். தெருவுக்கும் சேத்துதான் கத்தறேன்.”

அருள்ஜோசப் மோட்டாரை நிறுத்தினார். ஓசூரில் பாகலூர் சாலையின் பின்பக்கம் ஒண்டிக்கிடந்த அந்தத் தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு. நிறுத்திய பிறகும் குழாய் மூச்சுத் திணறுகிறவன் மாதிரி இழுத்து இழுத்து அடங்கியது. இன்னும் ஆழம் போனாலும் கல்தான் என்று போர் போடுகிறவர் கையை விரித்துவிட்டார். இது வற்றினால் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கே கிளம்புவது என்பதுதான் அவர் மனைவி ஆரோக்கியசெல்விக்குத் தெரியவில்லை.

“சாயங்காலம் மழைக்காக ஜெபமாலை பவனி இருக்குது. பக்கத்து வீட்டு கெம்பம்மாவே வர்றேன்னுட்டா. நீங்க?”

“டூட்டி முடிஞ்சா வரேன்.”

டூட்டி என்றால் தொலைவில்லை. தெருவை ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பெரிய வணிகக் கட்டடத்தில் ஏசி சூப்பர்வைசர் அவர். துணிக்கடை, தியேட்டர், ஓட்டல் எல்லாம் அதற்குள்ளேயே குளிர்ந்து கிடந்தன. அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் தண்ணீரைக் காற்றடித்து ஆறவைக்கிற கூலிங் டவர், பின்பக்க மாடியில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது.

“சார், டவர்ல துளி தடுக்கற தகடு பாதி பிஞ்சி போச்சு. தண்ணி அப்படியே வெளிய பறக்குது. தொட்டி வேற வழியுது” என்றான் ஆபரேட்டர் கோபி.

“போன மாசமும் இதையேதான்டா சொன்ன.”

“போன மாசமும் இப்படியேதான் சார் இருந்துச்சு.”

“ரிப்பேருக்கு ஒரு நாள் நிறுத்தணும். ஏசி நின்னா கடைக்காரன் என் சட்டையப் புடிப்பான். தண்ணி போனா எவன் வந்து கேக்கறான்? ரெண்டாவது போர் மோட்டாரையும் போடு.”

கோபி பேனல் பெட்டியைத் திறந்தான். பிறகு சுவிட்சைப் போட்டான். யார் கண்ணுக்கும் படாத ஆழத்தில் அது உறிஞ்சத் தொடங்கியது.

சாயங்காலம் பவனி கிளம்பியபோது வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. அருள்ஜோசப் பாதி வழியில் வந்து செல்விக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். ஜெபமாலை சொல்லிக்கொண்டு கூட்டம் கட்டடத்தின் பின்சுவரை எட்டியபோது காற்று திரும்பியது.

பொட்டுப் பொட்டாக விழுந்தது.

“மளே பந்த்து!” என்று கன்னடத்தில் கூவினாள் கெம்பம்மா. “மழை! மழை!” என்று கூட்டம் கலைந்தது. யாரோ விம்மினார்கள். சர்ச்சுப் பக்கமே போகாத கெம்பம்மா, எந்தக் கை என்றுகூடப் பாராமல் சிலுவை போட்டுக்கொண்டாள். “உங்க சாமி ரொம்ப ஸ்பீடும்மா, செல்வி!”

அருள்ஜோசப் திரும்பிப் பார்த்தார். பத்தடி பின்னால் நின்றவர்கள் மேல் ஒரு சொட்டு இல்லை. சுவரோரம் நின்ற பைக்கின் சீட்டில் முன்பே விழுந்து காய்ந்த துளிகளின் உப்பு சாம்பல் தெளித்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே டவர் இரைந்துகொண்டிருந்தது.

செல்வி முகத்தை வானத்துக்குக் காட்டி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் பாசி பிடிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் வாரா வாரம் ஊற்றுகிற மருந்து அவருக்குத் தெரியும். செல்வியின் தொண்டை அசைந்தது.

“செல்வி, துப்பு! துப்பிரு!”

“என்னங்க?”

“மழை இல்லம்மா அது! எல்லாரும் வாயத் தொடைங்க, தள்ளிப் போங்க. எங்க டவர் தண்ணி. மருந்து கலந்தது.”

சிலர் அவசரமாக வாயைத் துடைத்தார்கள். பாதிரியார் கையிலிருந்த சிலுவையைத் தாழ்த்தினார். “என்ன சொல்றீங்க அருள்?”

“தகடு ஒடஞ்சி பறக்குது ஃபாதர். ரொம்ப மாசமா. சரி பண்ண வேண்டியவன் நான், பண்ணல. நாளைக்கு ஏசிய நிறுத்தறேன். எவன் சட்டையப் புடிச்சாலும் நிறுத்தறேன்.”

செல்வி துப்பிவிட்டு நிமிர்ந்தாள். காலையில் கத்திய குரல் இல்லை அது.

“அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?”

“போர்லேருந்து.”

“எங்க இருக்குது போரு?”

அவர் தரையைக் காட்டினார். “இங்கதான், செவுத்துக்கு அந்தாண்ட. நம்ம போருக்கு வர்ற அதே ஊத்துதான்.”

காற்று மறுபடி திரும்பியது. தூறல் நின்றது. எல்லார் முகத்திலும் வெள்ளைப் புள்ளிகள் காயத் தொடங்கின. செல்வி துடைத்துக்கொள்ளவில்லை.

“நம்ம காலுக்கடியில இருந்த தண்ணிய உறிஞ்சி காத்துல விட்டுட்டு, வானத்தப் பாத்து கைய நீட்டிக்கிட்டு நிக்கறோம். ஒழுகற எடத்த அடைக்காதவங்களுக்கு எந்தச் சாமி தண்ணி குடுக்கும்?”