களப்பணிக்கு மதிப்பெண்

மண்ணரைப் பகுதியில் அந்தச் சாக்கடையை மூடிப் புது சிலாப் போட்டாயிற்று என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அரசியலை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று பிரின்சிபாலின் உயிரை வாங்கி, ஒரு தேர்வுக்குப் பதிலாகக் களப்பணி கேட்டு வாங்கினேன். ஊரில் ஒரு குறையை எடுத்துக்கொண்டு, ஆட்களைச் சேர்த்து, மாநகராட்சி மக்களிடம் குறை கேட்கும் பகுதி சபையில் பேச வேண்டும். ஜோதிகா தன் வீட்டுக்கு முன்னால் திறந்து கிடந்த சாக்கடையை எடுத்தாள். அவள் அம்மா ஒச்சம்மாள் ஷிப்ட் முடிந்து வரும்போது அதில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசரிடம்கூட வாய் திறக்காத அக்கம்பக்கத்துப் பெண்களை ஞாயிறுதோறும் உட்காரவைத்து, "எந்திரிச்சு நின்னு பேசுக்கா" என்று பழக்கினாள். முதல் சபையில் ஒருத்தியும் எழவில்லை. அடுத்ததில் ஒச்சம்மாளே மாவுக்கட்டுக் காலோடு எழுந்து, "எப்ப மூடுவீகன்னு தேதி சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் இருந்த நான் அழுதே விட்டேன். தேதி மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த சபை கூடுவதற்குள் சிலாப் வந்துவிட்டது. ஜோதிகாவின் குழுவில் இருந்த இந்துமதி, கம்பெனி முதலாளியான தன் மாமாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

"பாவமா இருந்துச்சுங்க மிஸ். மாமாகிட்டச் சொன்னனுங்க, மறுநாளே ஆள் அனுப்பிட்டாருங்க. தப்புங்களா?"

தப்பு என்று எந்த வாயால் சொல்வது? இனி அங்கே யாரும் விழ மாட்டார்கள்.

ஜோதிகா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நேர்ல வந்து பாத்துட்டு மார்க் போடுங்க மிஸ்" என்றாள்.

மூவரும் போனோம். மாமாவின் படத்தோடு நன்றி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெண்கள் இந்துமதியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருப்ப தாயி. தண்ணியும் ஒழுங்கா வரல. அதுக்கும் மாமாகிட்ட ஒரு போன் போட்டுரு."

"ஞாயித்துக்கிழமை சபை இருக்கும்மா. அங்க கேப்போம்" என்றாள் ஜோதிகா.

"போடி. அங்க போயி எதுக்குக் கால் கடுக்க நிக்கணும்?"

பெண்கள் சிரித்தார்கள். இந்துமதி தயங்கி என்னைப் பார்த்தாள். இந்த இடத்தில் ஆசிரியை என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு யார் யார் வர்றீக?" ஜோதிகா குரலை உயர்த்திக் கேட்டாள்.

ஒச்சம்மாள் திரும்பி, விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதடி. அங்கிட்டு போனை எடுத்துட்டாக."