பதினொரு நாள் குறை

முப்பது வருஷ வேலைக்கு ஆலையில் நடக்கும் பாராட்டு விழாவுக்கென்று அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மேடை ஏற இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, மாப்பிள்ளை முறுக்கு இப்பவே வந்தாச்சா?" என்று மனைவி கேலி செய்தாள். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனவர், பாய்லர் பக்கத்திலேயே மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார்.

விழாவன்று அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பெயரை ஒருமுறை மேடையில் கேட்டால் போதும். மேலாளர் ஆறு பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பரிசு வாங்க ஒருவரும் எழவில்லை.

"இன்னும் ஒரு பேரு பாக்கி சார்," என்றார் ஆறு பேரில் ஒருவரான ஃபிட்டர்.

"முப்பது வருஷம் முடியலையேப்பா. பதினொரு நாள் குறையுது."

"லீவு நாள்ல எத்தனை தடவ வீட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க? அதெல்லாம் எதுல சேர்த்தி?"

தன்னால் இவர்கள் பிழைப்பில் மண் விழுந்துவிடுமோ என்று பயந்து அவள் எழுந்தாள்.

"நீங்க உட்காருங்க அண்ணி," என்றார் ஃபிட்டர், திரும்பாமலே.

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தாளைப் பிரிக்காமலே அவள் கணவரின் பெயரைச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

ஆலைப் பதிவேட்டில் அவருடைய பணிக்காலம் இன்றைக்கும் இருபத்தொன்பது வருஷம் சொச்சம்தான்.