குனியாமல் பறித்த இலைகள்

வாரம் ஒருமுறை சோயா வயல்களைச் சுற்றிவந்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக்கொடுப்பதுதான் அவள் வேலை. மொத்தம் பன்னிரண்டு வயல்கள். இருபது வருடப் பழக்கத்தில் எல்லாருக்கும் அவள் 'இலையக்கா' ஆகிவிட்டாள். இலையக்கா சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

இந்தப் பருவத்தில் அவளுடைய வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு. அலுவலகத்தில் சொன்னால் மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்து மூச்சுவிடாமல் இருந்தாள். சோயாவைத் தாக்கும் துருநோய் அடி இலையில்தான் முதலில் தலைகாட்டும். செடிகளை விலக்கிக் குனிந்து, தரையை ஒட்டிய இலையைப் பறித்து, அதன் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்தியவளே அவள்தான். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாகக் கைக்கு எட்டிய மேல் இலைகளை மட்டும் பறித்துப் பார்த்து, 'நோய் இல்லை' என்று கையெழுத்துப் போட்டாள். பார்த்த இலையில் நோய் இல்லைதானே, இதில் என்ன பொய் என்று மனதைச் சமாதானப்படுத்தியும் கொண்டாள்.

நாலாவது வாரம், அந்தப் பன்னிரண்டில் ஒன்றான டிராக்டர்காரரின் வயலுக்கு அவள் போனபோது, முந்தின நாள் காற்றில் வரப்போரச் செடிகள் சாய்ந்து கிடந்தன. அடி இலைகள் மஞ்சளும் பழுப்புமாக வெளியே தெரிந்தன. ஒன்றைப் பறித்துத் திருப்பினாள். குண்டூசி முனையளவு கொப்புளங்கள். விரலால் தடவியதும் வெளிறிய பழுப்புப் பொடி ஒட்டியது. கீழே பல இலைகள் உதிர்ந்தே போயிருந்தன. நோய் வந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கும்.

'இந்த வாரம்தான் வந்திருக்கு' என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அதே வாக்கியத்தை மனதில் உருப்போட்டபடிதான் அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். டிராக்டர்காரர் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, துருநோய் வந்திருக்கு."

அவர் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். "அப்போ நான் பார்த்தது அதுதானாக்கா?"

"எப்பப் பார்த்தீங்க?"

"ஆறு நாள் இருக்கும். அடியில புள்ளிபுள்ளியா இருந்துச்சு. மருந்து வாங்கக்கூடக் கிளம்பிட்டேன். அப்புறம்தான், நேத்துதானே அக்கா பார்த்துட்டு சுத்தம்னு எழுதிட்டுப் போனாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு விட்டுட்டேன். என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

உருப்போட்டு வந்த வாக்கியத்தை இனிச் சொல்ல முடியாது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல தம்பி. நான்தான் பார்க்கல. முழங்கால் மடங்கல. மூணு வாரமா நான் குனியவே இல்ல."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நிலைப்படியில் நின்ற அவர் மனைவிதான் வாய் திறந்தாள்.

"ஒரு குரல் கொடுத்திருந்தா நான் ஓடிவந்து பறிச்சுக் கொடுத்திருப்பேனேக்கா."

அதில் கோபம் துளியும் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அன்று காற்று அடங்கியதும் மருந்தடித்தார்கள். அடி இலைவரை இறங்க வேண்டுமென்று தண்ணீரைக் கூட்டி, தெளிப்பானின் முனையையும் மாற்றச் சொன்னாள். ஆனால் பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது, மேல் இலைகளைக் காப்பாற்றினாலே பெரிது என்பதையும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் டிராக்டர்காரர் மனைவி இலையக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். மீதிப் பதினொரு வயல்களிலும் அவள் குனிந்து பறித்துத் தர, இவள் லென்ஸில் பார்த்தாள். இன்னும் இரண்டு வயல்களில் நோய் இருந்தது. போன இடமெல்லாம் இலையக்கா நடந்ததைச் சொன்னாள். வயல்காரர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற வாத்தியார், "மேலாகப் பார்த்து மார்க் போட்டுட்டியா? நானும் முப்பது வருஷம் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத்தாம்மா மார்க் போட்டேன்" என்று சிரித்தார். பின்னால் நின்றவளும் சிரித்துவிட்டாள். இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் போட்ட மார்க்கால் எந்த வயலிலும் இலை உதிரவில்லையே என்று நினைத்தாள்.

அலுவலகத்தில் மூன்று வார அறிக்கைகளையும் தன் கையாலேயே அடித்துத் திருத்தி, காரணத்தையும் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி படித்துவிட்டு, அடுத்த பருவம்வரை வயலுக்குப் போக வேண்டாம் என்றார். அவள் பயந்த அதே மேசைதான் கிடைத்தது.

அறுவடையில் டிராக்டர்காரருக்கு விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மணியும் சிறுத்துப்போயிருந்தது. அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தாள். டிராக்டர்காரர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "காலுக்கு டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காரு" என்றாள். விளைச்சலைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்வது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.