இடிக்கன்று அடித்த கெட்டிமேளம்

இருபத்தாறு வருடம் ஒரே தொழிலைச் செய்தவனை ஊரில் நாலு பேராவது அறிந்திருப்பார்கள் என்பது வழக்கம். டொண்டர்கல்ஃபை ஒருவரும் அறியார். 'இடிக்கன்று' என்று பொருள்படும் அந்த ஒல்லாந்து ஹெவி ராக் குழுவில் டிரம்ஸ் அடிப்பவன் லவன், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஊத்ரெக்ட்டில் வளர்ந்தவன். இதுவரை மூன்று இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்கள். வாங்கியவர்களில் முக்கால்வாசி பாடகன் ஹென்க்கின் சொந்தக்காரர். சத்தம் தாங்காமல் பதினேழு மண்டபக்காரர் அவர்களை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். பீர்க் குவளை, சப்பாத்து, ஒருமுறை முழுசாய் ஒரு பொரித்த கோழி என்று மேடையில் எறி வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு தரம் வாசியுங்கள் என்று மட்டும் ஒரு சீவனும் கேட்டதில்லை.

பரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மதுக்கடையில் சனிக்கிழமை வாசிப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாமான்களோடு வான் வண்டியில் வந்து இறங்கினால், கடைக்காரர் அப்போதுதான் அவர்களுடைய பாட்டைக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார்.

"முடிந்தது. இனி ஆளுக்கொரு வேலையைப் பார்ப்போம்," என்றான் ஹென்க்.

மனைவி விட்டுப்போனபோதுகூட லவன் இவ்வளவு கலங்கவில்லை. ஒரேயொரு நாள் கெஞ்சிக் கேட்டு வாங்கினான். மறுநாள் அங்கேயே அவனுடைய அக்கா சுகிர்தத்தின் மகள் மனோனுக்குக் கலியாணம். சாப்பிட்டுவிட்டுப் பிரிவோம் என்றான். சாப்பாடு என்றால் ஹென்க் கொள்கையை ஒத்திவைப்பான்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு சுகிர்தம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கலியாண மண்டப வாசலுக்கு ஓடிவந்தாள்.

"டேய் லவன், உங்கடை சாமான் எல்லாம் வானுக்கையோ கிடக்கு?"

"ஓம் அக்கா. ஏன்?"

"மேளக்காரர் பெல்ஜியத்திலை நிக்கினம், வான் பழுதாம். நல்ல நேரம் பன்னிரண்டோடை முடியுது. ஃபோனிலை மேளம் போட்டுப் பாத்தால் மெத்தை விளம்பரம் வருது. நீங்கள் வந்து அடியுங்கோ."

"அக்கா, நீங்கள்தானே எங்கடையைத் தகரச் சத்தம் எண்டு சொன்னனியள்?"

"இப்ப அந்தத் தகரம்தான் வேணும். வாயை மூடிக்கொண்டு இறக்கு!"

தாலி ஏறும்போது யாராவது தும்மினால் அபசகுனம், அது காதில் விழாதபடி சத்தம் எழுப்புவதே எங்கள் வேலை என்று லவன் டச்சில் விளக்கினான்.

"எவ்வளவு சத்தம்?" என்றான் ஹென்க்.

"வேறொன்றும் கேட்கக்கூடாது."

ஹென்க் நம்பவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு உறுதிப்படுத்தினான்.

குழுவுக்குக் கிடைத்த இடம் மணவறையை ஒட்டினாற்போல்தான் இருந்தது. "தம்பி, நான் விரலை ஆட்டேக்கைதான் அடிக்கவேணும்," என்று ஐயர் எச்சரித்தார். மாப்பிள்ளை மிதுசன் தாலியை எடுத்தான். விரல் ஆடியது. டொண்டர்கல்ஃப் வெடித்தது. ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய மணவறை யானைகள் இரண்டும் தலையாட்டின. ஐயர் காதைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொன்னார். லவன் கண்ணை மூடி, இதுதான் கடைசி என்று நினைத்து நினைத்து அடித்தான்.

அப்போது முந்நூறு பேரும் வழக்கம்போல அரிசியும் பூவும் எறிந்தார்கள். பாதி மணமக்கள் மேல் விழுந்தது. மீதி ஹென்க்கின் முகத்தில்.

ஹென்க் பாட்டை நிறுத்தினான். "இங்கேயுமா?" என்றான். அவன் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவது குழுவின் பழக்கம். மண்டபம் அடங்கியது. அந்த அமைதிக்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா குணரத்தினம் மூன்று தும்மல் தும்மினார், ஒன்றைவிட ஒன்று திறமாக.

"நான் தும்மேல்லை, இருமினனான்," என்றார் அவர். ஒருவரும் நம்பவில்லை.

சுகிர்தத்தின் முகம் வெளிறியது. ஐயர் குனிந்து பார்த்தார். மிதுசன் தாலியின் நுனிகளைத் தேடிக்கொண்டிருந்ததில் முதல் முடிச்சே இன்னும் விழவில்லை.

"முடிச்சு விழேல்லை, தோசமில்லை!" என்று ஐயர் கத்தினார். "திரும்ப ஒருக்கா அடியுங்கோ!"

"திரும்ப அடியுங்கோ!" என்றாள் சுகிர்தம். பிறகு முந்நூறு பேரும் எழும்பி நின்று கத்தினார்கள். மணப்பெண்ணும் தலையை நிமிர்த்திக் கத்தினாள்.

ஹென்க் லவனிடம் ஓடிவந்தான். "கோபமா? வெளியே போகச் சொல்கிறார்களா?"

"இல்லை," என்றான் லவன். "தும்மல் கேட்டுவிட்டது, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்கிறார்கள். அரிசி எறிவது ஆசீர்வாதம்."

ஐம்பத்தெட்டு வயது ஹென்க் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்குத் திரும்பினான். இந்த முறை அரிசி வந்தபோது கையை விரித்து வாங்கினான். மூன்று முடிச்சும் விழுந்தன. ஐயர் போதும் போதும் என்று கையை ஆட்டியது யாருக்கும் தெரியவில்லை. பதினொரு நிமிடப் பாட்டு பதினொரு நிமிடமும் ஓடியது. குணரத்தினம் எத்தனை தும்மினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பந்தியில் ஹென்க் மூன்றாம் தரம் பாயசம் வாங்கினான். பிரிவதைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில் ஹென்க், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த குணரத்தினத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டான்.

"அடுத்த கலியாணத்துக்கும் இவரைக் கூட்டிவர முடியுமா?"