முதல் தலைமுறை வண்டி

கணவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி அவள் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது, வாசலில் தம்பியின் வண்டி வந்து நின்றது. பாதியில் விட்டுவிட்டுப் போகிற வேலையா அது? விரிப்பை மாற்றி, தலையணையைச் சரிசெய்து, கைகழுவிவிட்டு வெளியே வந்தாள். பல நாள் தூக்கமில்லாததில் நிலைப்படி கூட இடறியது.

"இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம்னு டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது. மருந்து வேலை செய்யுதுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போகாத."

"எனக்குத் தெரியாதாக்கா?"

"அழுது தொலைச்சிடாத."

"நான் எதுக்கு அழறேன்?" என்றான். கண் அப்போதே சிவந்திருந்தது.

ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவார் என்றுதான் மறைத்தாள். வாரம் முழுக்க நகரப் பேருந்தை நெரிசலில் உருட்டுகிறவர், விடுமுறை நாளில் தன் பந்தய மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஆளே மாறிவிடுவார்.

அவரிடம் இருந்தது அந்த வண்டியின் முதல் தலைமுறை. மெக்கானிக்கான தம்பி வாங்கியது அதே பெயரில் வந்த மூன்றாவது தலைமுறை. ஊருக்கு வெளியே நேர்சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் புதியதற்கு மூன்று நொடிகூட ஆகாது. பழையது அதைவிடக் கொஞ்சம் தாமதம். "அது உன் வேகமில்லடா, உள்ள இருக்கிற கம்ப்யூட்டரோட வேகம்" என்பார் இவர். "தோத்தவங்க பேசற பேச்சு மாமா இது" என்பான் அவன். சோறு ஆறிப்போகும். இவள் கரண்டியோடு வந்து கத்தினால்தான் கை தட்டுக்குப் போகும். இத்தனை வருடத்தில் இருவரில் ஒருவரும் இம்மி விட்டுக்கொடுத்ததில்லை.

தம்பி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தான். அவர் கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா மச்சான். தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சு."

வேறு நாளாக இருந்தால், தன் வண்டியைக் கிண்டல் செய்ததற்கு அவன் துள்ளிக் குதித்திருப்பான். இப்போது முக்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஏதாவது பேசேன் என்று அவள் கண்ணாலேயே அதட்டினாள்.

"சொல்லுடா. எது வேகம்?"

ஊசிபட்டு நீலம்பாரித்திருந்த கையையே தம்பி பார்த்தான்.

"உங்களோடதுதான் மாமா."

"என்னது?"

"யோசிச்சுப் பாத்தேன். உங்க வண்டிதான். புதுசெல்லாம் சும்மா பந்தா."

அவர் மச்சானை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தேறிடும்னுதான்..."

"இவன் ஒத்துக்கிட்டான், பாத்தியா?" என்றார்.

இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் சொன்ன பொய்யெல்லாம் இந்த மடையனின் பாசத்தில் போயிற்று. அவனை அறையலாம் போல் இருந்தது. கூடவே, இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது உடம்புக்கே ஒரு ஓய்வாகவும் இருந்தது.

"இங்கயே இரு" என்று அவர் கையை நீட்டினார். கட்டிலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. பயப்படுகிறார் என்று தெரிந்தது.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, சும்மா சொன்னேன் மாமா! உங்கள ஏத்திவிட்டேன். அந்த ஓட்ட வண்டி என் வண்டிக்குக் கிட்டவே வராது. இருநூத்தி நாப்பதுலயே அதுக்கு மூச்சு வாங்கும். என்னோடது அதுக்கு மேலதான் ஆரம்பிக்கும்!"

அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"திருப்பத்துல?" என்றார்.

"திருப்பத்துல மட்டும் என்ன? உங்க வண்டிக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் புடிக்கணும். நான் உள்ள சாய்ஞ்சதுக்கு அப்புறமும் புடிப்பேன், வழுக்காது. மழையில வேணா பாப்போமா? சொல்லுங்க மாமா, மழையில..."

குரல் உடைந்தது. தலையைக் குனிந்துகொண்டு மேலும் வேகமாகப் பேசினான்.

அவள் கைக்குள் இருந்த பிடி தளர்ந்தது. அவருடைய மார்பு மறுபடி ஏறும் என்று பார்த்தாள். ஏறவில்லை. தம்பி நிமிராமல் பின்சக்கரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.