எடை பார்த்த பிறகு

குத்துச்சண்டையின் முதல் ரவுண்டிலேயே என் தம்பி எதிராளியின் மூக்கை உடைத்துவிட்டான். ரத்தம் கயிற்றின் மேல் தெறித்தது. கூட்டம் எழுந்து கத்தியது. தண்ணீரும் ஐஸும் கொடுக்கும் ஆளாக அவன் மூலையில் நின்ற நான், அக்கா என்பதால் தொண்டை கிழியக் கத்தினேன். ஜெயித்தால் தேசிய அணி. தோற்றால், அவன் வயதுக்கு, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது ரவுண்டின் பாதியில் அவன் கைகள் தானாக இறங்கின. அதற்குள் எப்படி?

முந்தின நாள்தான் எடை பார்த்தார்கள். தன் பிரிவின் எடைக்குள் நிற்கப் பல வாரமாகச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு எதையும் தொடாமல் காய்ந்து கிடந்தான். தராசை விட்டு இறங்கியதும் வயிற்றை நிரப்புவதுதான் இந்தத் தொழிலில் முதல் வேலை. தசையில் சேர்ந்திருந்த சர்க்கரையெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அதை நிரப்பாமல் ரிங்கில் ஏறுவது டீசல் இல்லாத லாரியை மேட்டில் ஏற்றுவதுதான். எதிராளி அங்கேயே உட்கார்ந்து, காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி சோற்றை அள்ளினான். தம்பிக்கு நானும் ஒரு டப்பா சோறும் வாழைப்பழமும் கொடுத்தனுப்பினேன். டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. கழுவி வேறு வைத்திருந்தான், கள்ளன்.

மணி அடித்தது. முக்காலியில் வந்து விழுந்தான். பல் காப்பை உருவினேன். மூச்சில் நகச்சாயம் அழிக்கும் தண்ணீரின் வாடை. வெறும் வயிற்றுக்காரனின் வாடை அது.

"டேய், நேத்து குடுத்த சோத்த என்னடா பண்ண?"

"கொட்டிட்டேன்."

"பாவி! ஏன்டா?"

"எடை பாக்குற எடத்துல கண்ணாடி இருந்துச்சுக்கா. வயிறு பலகை மாதிரி இருந்துச்சு. ஒரு வாய் போட்டா மறுபடி பூசணி ஆயிடுவேனோன்னு பயம்."

பூசணி, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர். வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் பல்லைப் பேர்த்துவிடுவேன். ஒரு நாள் சோற்றில் எவனடா பூசணி ஆனான்?

அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப வாயில சர்க்கரையக் கொட்டினாலும் பிரயோஜனமில்ல. கடைசி ரவுண்டு. கைய மேல வெச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இரு."

ஓடக் காலில் தெம்பு இல்லை. மூக்கு உடைந்தவன் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். விலாவில் ஒன்று, காதோரம் ஒன்று. புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. கயிற்றில் சாய்ந்தவனை மாவு பிசைவது மாதிரி பிசைந்தான். ஒவ்வொரு குத்துக்கும் என் தம்பியின் தலை பின்னால் போய் வந்தது.

"கொஞ்ச நேரந்தாம்மா, பொறு," என்றார் மாஸ்டர்.

தேசிய அணியாவது மண்ணாங்கட்டியாவது! அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கி ரிங்குக்குள் வீசினேன்.

துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்; நடுவர் சண்டையை நிறுத்தினார். தம்பி துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தள்ளாடிக்கொண்டு வந்தான்.

"கெடுத்திட்டியேக்கா! என் வாழ்க்கையே போச்சே!"

கயிற்றுக்கு மேலாக என் தாடையில் ஓங்கிக் குத்தினான். பயிற்சி மூட்டையையே கிழித்த கை அது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டித்தான் குத்தினான். பல்லைக் கடித்ததிலேயே தெரிந்தது.

எனக்கு வலிக்கவே இல்லை. அப்போதுதான் நான் அழுதேன்.