ஓதம் ஏறும் நேரம்

கொரீன் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வாடகை வீட்டின் கதவு தாழிடாமல் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. மேசைமேல் பிள்ளைகள் பாதி சேர்த்த படப் புதிர், சின்னவன் ஆர்லோ குடித்து மிச்சம் வைத்த சாக்லேட் பால், அதன் பக்கத்தில் ராய்ஸின் கைபேசி. அவள் முதலில் பார்த்தது அந்தக் கைபேசியைத்தான். கணவன் அதை விட்டுவிட்டுப் போவது என்பது அவளைப் பொறுத்தவரை நல்ல சகுனம் அல்ல.

பள்ளிக்கூடத்து வசந்த விடுமுறைக்கு யாக்கிமாவிலிருந்து மலை தாண்டி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்திருந்தார்கள். மூன்று நாளாக மழை விடவே இல்லை. ஊரில் மழை என்பது புழுதியை அடக்கிவிட்டுப் போய்விடும்; இங்கே அது குடித்தனமே நடத்தியது. ஜன்னலில் ஈரம், போர்வையில் ஈரம். ஒரே கூடத்தில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதிலும் அவள் ராய்ஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குடியை விட்டு ஏழு மாதம். போன ஆகஸ்டில், ஆர்லோவைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு காரை ஆப்பிள் தோட்டத்து வாய்க்காலில் இறக்கியதோடு விட்டது. அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. அவன் குனிந்து கோப்பையை எடுக்கும்போது, தூக்கத்தில் புரளும்போது, மூச்சை மட்டும் மோந்து பார்த்துக்கொள்வாள். அவன் வேளை கெட்ட வேளையில் பல் துலக்கினால்கூட மனசு எங்கெங்கோ ஓடும்.

அன்று மத்தியானம் அவன்தான் கடைக்குக் கிளம்பினான். “நான் போயிட்டு வரேன்,” என்று எழுந்தவனை முந்திக்கொண்டு அவள் கார் சாவியை எடுத்தாள். அந்தக் கடையில் பால் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிக்கு அடுத்தது பீர். அது அவனுக்கும் தெரியும்.

“சரி, நீயே போ,” என்றான் அவன். “ரோடெல்லாம் தண்ணி நிக்குது, பாத்து ஓட்டு.”

பதினோரு வயது மகள் ஹேட்டி புதிரிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இப்போது கொரீன் பால் டப்பாவைக் கீழே வைக்காமலே அலமாரிகளைத் திறந்தாள். பாத்திரத் தொட்டிக்கு அடியில் பார்த்தாள். அவன் பெட்டியில் துணிகளுக்குள் கையை விட்டுத் துழாவினாள். குளியலறையில் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் பீங்கான் மூடியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். எங்கும் புட்டி எதுவும் இல்லை. இல்லை என்பதில் நிம்மதி வரவில்லை. இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் தோன்றியது.

தெருமுனையில் ஒரு மதுக்கடை இருந்தது. கொட்டும் மழையில் அவள் கால் நேராக அங்கேதான் போனது. பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நரைத்த தலைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒசரமா ஒருத்தர் வந்தாரா? பச்சைக் கோட்டு. ரெண்டு பிள்ளைங்க கூட இருக்கும்.”

“பிள்ளைங்கள நாங்க உள்ள விடுறதில்லம்மா.” அந்தப் பெண் கொரீனின் சொட்டும் தலையையும் கையில் இன்னும் இருந்த பால் டப்பாவையும் பார்த்தாள். துணியைக் கீழே வைத்தாள். “கடல் பக்கம் பாத்தியா? ஓதம் ஏறுற நேரம், தண்ணி கரைக்கு வரும். இன்னிக்கு அலை சரியில்ல, கட்டையெல்லாம் உருட்டுது.”

கொரீன் ஓடினாள்.

புல்மேட்டுக்கு நடுவே மணல் பாதை. அதைத் தாண்டினால் கரை நெடுக, எந்தக் காட்டிலிருந்தோ ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள், பட்டை உரிந்து வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆள் இடுப்பு உயரம். கீழே கிடந்தவற்றை அலை வந்து தொட்டது. தொட்டதும் அவ்வளவு கனமும் தக்கைபோலத் திரும்பிப் படுத்தது. மழைத் திரைக்குள் மூன்று உருவங்கள் தெரிந்தன. எண்ணினாள். மூன்றுதான். மறுபடி எண்ணினாள்.

ராய்ஸ் ஆர்லோவை ஒரு கையில் இடுக்கியிருந்தான். மற்றக் கை ஹேட்டியின் தோளில். அவன் நடை நேராக இல்லை. இரண்டு எட்டு வைத்தான், ஒருபக்கம் சாய்ந்தான், நின்றான். அந்தச் சாய்வை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்.

கிட்டே போனதும் ஆர்லோ குளிரில் பல் தந்தியடிக்க இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினான். அவள் அவனை வாங்கவில்லை. அவள் முகம் அதற்கு முன்னால் ராய்ஸின் வாய்ப்பக்கம் போய்விட்டது. ஒரு மூச்சு நேரம். உப்பு, நனைந்த கம்பளி, காலையில் குடித்த காப்பி வாடை மட்டும்.

“இல்லம்மா,” என்றாள் ஹேட்டி மெல்ல. “நான் பாத்துட்டேன்.”

கொரீன் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “எத பாத்த?” என்று கேட்கத்தான் செய்தாள். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“வர்ற வழியில. எம்மேல சாஞ்சிருந்தாருல்ல, அப்ப.”

ராய்ஸ் இருவரையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான், “தினம் பாப்பியா கண்ணு?”

“தினம் இல்ல.” கொஞ்சம் யோசித்தாள். “பாதி நாள்.”

அவன் தலையை ஆட்டினான். கடையில் சில்லறை சரியாக இருக்கிறது என்று சொன்னால் ஆட்டுவது மாதிரி.

ஆர்லோதான் எல்லாவற்றையும் சொன்னான். கட்டைமேல் உட்கார்ந்திருந்தார்களாம். தண்ணீர் ரொம்பத் தூரத்தில் இருந்ததாம், திடீரென்று பக்கத்தில் இருந்ததாம். “அப்பா என்னத் தூக்கி மேல எறிஞ்சிட்டாரு. கட்டை அவர் கால்மேல படுத்துக்கிச்சு. அக்கா இழுத்தா, வரல. அடுத்த அலை வந்து கட்டையத் தூக்கிச்சு, அப்பதான் வந்துச்சு. நாங்க உன்ன எவ்ளோ நேரம் கூப்பிட்டோம் தெரியுமா? நீ எங்க போன?”

பீங்கான் மூடியின் கனம் இன்னும் அவள் விரல்களில் இருந்தது. கடையில் கூட்டம் என்று சொல்லலாம். ஹேட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவத் தேடிக்கிட்டு மதுக்கடைக்குப் போனேன்டா,” என்றாள். “முதல்ல அங்கதான் போனேன்.”

மழை நால்வர் மேலும் ஒரே மாதிரி பெய்தது.

“என்ன சொன்னாங்க அங்க?” என்றான் ராய்ஸ்.

“இன்னிக்கு அலை சரியில்லைன்னாங்க.”

“சரியாத்தான் சொல்லிருக்காங்க.”

கொரீன் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத் தோளை ராய்ஸுக்குக் கொடுத்தாள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சாய்ந்தான். அப்படியே வீட்டுக்கு நடந்தார்கள். மூச்சு முகத்தில் படும் தூரத்தில்தான் இருந்தான், ஆனால் முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தொலைவு. அதற்குள் கால் வீங்கிவிட்டால் பூட்ஸை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று அவனே சொன்னான். அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினான். நனைந்து இறுகிப்போன பூட்ஸ் கயிற்று முடிச்சை ஹேட்டி நகத்தால் நெம்பினாள். வராமல் பல்லால் கடித்து இழுத்தாள். பூட்ஸின் நாக்குத் தோலை வெளியே இழுத்து அதன் வாயை அகலமாக்கினாள்.

“வலிச்சா சொல்லுங்கப்பா.”

“சொல்றேன்.”

“பொய் சொல்லக் கூடாது.”

அவன் ஹேட்டியின் முகத்தைப் பார்த்தான். “இப்பவே வலிக்குது,” என்றான் பிறகு.

கொரீன் அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஹேட்டி குதிகாலைப் பிடித்தாள். ஆர்லோ கேட்காமலே வந்து அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ராய்ஸ் பின்னால் கையை ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தான். பூட்ஸ் வரவில்லை, வரவில்லை, பிறகு சளப்பென்று கழன்றது. உள்ளிருந்து சாம்பல் நிறத் தண்ணீரும் மணலும் தரையில் கொட்டி அவர்களுக்குள் பரவின. துடைக்கத் துணி எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. கொரீன் காலுறையை ஓரம் ஓரமாக உருட்டிக் கழற்றினாள். பாதம் ஊதா நிறத்தில், யாருடையதோ போல இருந்தது.

“விரல ஆட்டுங்கப்பா,” என்றாள் ஹேட்டி.

பெருவிரல் மெல்ல அசைந்தது. மற்ற நான்கையும் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.